6.9, 5.2, 6.1: மெத்தில் ஆரஞ்சு ஏன் ஒத்துவரவில்லை?

வேலை சின்னதுதான். ஒரு பாட்டில் வெள்ளை வினிகர். அசிட்டிக் அமிலம் 5% என்று லேபிளில் போட்டிருக்கிறது. அது சரியா என்று தரம்பார்த்து, அதாவது செறிவு தெரிந்த காரத்தை நிறம் மாறும்வரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அளந்து, கண்டுபிடிக்க வேண்டும். 10 மி.லி. வினிகரை எடுத்து, வாலை வடிநீர் சேர்த்து 100 மி.லி. ஆக்கினேன். அதிலிருந்து பிப்பெட்டால் 25 மி.லி. எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டேன். அளவு குறித்த நீண்ட குழாயான பியூரெட்டில் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். கையில் இருந்த நிறங்காட்டி, அதாவது அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் இன்னொரு நிறமும் காட்டும் சாயம், மெத்தில் ஆரஞ்சு. இரண்டு சொட்டு விட்டதும் குடுவை சிவந்தது. லேபிள் சொல்வது உண்மையென்றால் 21 மி.லி. அருகில் நிறம் மாற வேண்டும்.

பியூரெட்டைத் திறந்து 1 மி.லி. போவதற்குள்ளேயே சிவப்பு தளரத் தொடங்கியது. 3 மி.லி.யில் ஆரஞ்சு. 5 மி.லி.யில் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டு, 'இதற்கு மேல் மாறவில்லை' என்று தோன்றிய இடத்தில் நிறுத்தினேன்: 6.9 மி.லி. மறுபடி செய்தேன்: 5.2. மூன்றாவது முறை: 6.1.

கணக்குப் போட்டால் வினிகரில் அமிலம் 1.25 முதல் 1.66 சதவீதம் வரைதான் வருகிறது. லேபிளில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை என்பது விஷயம்தான். ஆனால் என்னை உறுத்தியது அதுவல்ல. தரம்பார்த்தலில் அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போக வேண்டும். எனக்கு 1.7 மி.லி. வித்தியாசம். வினிகர் நீர்த்துப்போயிருந்தால் மூன்று முறையும் ஒரே தவறான எண் வந்திருக்கும். காரக் கரைசலின் செறிவு தப்பாக இருந்தாலும் அப்படித்தான். எண்கள் தமக்குள்ளேயே சண்டை போடுகின்றன என்றால், எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். நிறுத்தச் சொல்ல வேண்டியது நிறங்காட்டி. அது சொல்லவே இல்லை.

அதனால் வினிகரை ஓரமாக வைத்துவிட்டு நிறங்காட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

அமிலம் பட்டால் நிறம் மாறும் என்பது பழைய செய்தி. 1664-ல் ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி எழுதிய நூலிலேயே, வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதைப் பதிவு செய்திருக்கிறார். ஏன் மாறுகிறது என்பதற்கு உருப்படியான விளக்கம் வர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1890-களில் வில்ஹெம் ஆஸ்ட்வால்டு சொன்னார்: நிறங்காட்டியும் ஓர் அமிலம்தான், அல்லது ஒரு காரம்தான், வலிமை குறைந்தது, அவ்வளவே. புரோட்டானோடு, அதாவது ஹைட்ரஜன் அயனியோடு, இருக்கும்போது அதற்கு ஒரு நிறம், புரோட்டானை விட்டுவிட்டால் இன்னொரு நிறம்.

இந்த வரியைப் பள்ளியிலேயே படித்திருக்கிறேன். படித்தும், நிறங்காட்டி என்பது வெளியே நின்று வேடிக்கை பார்க்கும் சாட்சி என்றே மனதில் பதிந்திருந்தது. அப்படி இல்லை. குடுவைக்குள் நடக்கும் புரோட்டான் பரிமாற்றத்தில் அதுவும் ஒரு ஆள். தனக்கென்று ஒரு வலிமை உண்டு. அதைத்தான் பிகேஏ என்ற எண் சொல்கிறது. கரைசலின் பிஎச் (அமிலத்தன்மையைச் சொல்லும் எண்; குறையக் குறைய அமிலத்தன்மை அதிகம்) அந்த எண்ணுக்குச் சமமாக இருந்தால் இரண்டு உருவும் பாதிக்குப் பாதி. பிஎச் ஒன்று கூடினால் புரோட்டான் இழந்த உரு பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மிஞ்சும். ஒன்று குறைந்தால் அதற்கு நேர் எதிர். நாம் பார்க்கும் நிறம் இந்த விகிதம்தான்.

சரி, இதை எண்ணாக இல்லாமல் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். அதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது; அதைச் செய்து பார்த்த மாலைதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

புரோமோதைமால் நீலம் எடுத்துக்கொண்டேன். அமிலத்தில் மஞ்சள், காரத்தில் நீலம், பிகேஏ சுமார் 7.1. ஒரே அளவுள்ள சோதனைக் குழாய்கள் பதினெட்டு. ஒன்பதில் 10 மி.லி. நீரோடு சில சொட்டு நீர்த்த அமிலம். மற்ற ஒன்பதில் 10 மி.லி. நீரோடு சில சொட்டு நீர்த்த காரம். இவற்றை ஜோடி ஜோடியாக, ஒன்றின் பின்னால் ஒன்றாக நிறுத்தினேன். முதல் ஜோடியில் அமிலக் குழாய்க்கு 9 சொட்டு நிறங்காட்டி, காரக் குழாய்க்கு 1 சொட்டு. அடுத்த ஜோடியில் 8-க்கு 2. இப்படியே கடைசி ஜோடியில் 1-க்கு 9. டிராப்பரைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் சொட்டின் அளவு மாறிவிடும்.

தனித்தனியாகப் பார்த்தால் அங்கே இருப்பது இரண்டே நிறம்தான். வெளிர் மஞ்சள், அடர் மஞ்சள். வெளிர் நீலம், அடர் நீலம். பச்சை எங்குமே இல்லை. பின்னால் வெள்ளைக் காகிதத்தை வைத்து, பகல் வெளிச்சத்தில், இரண்டு குழாய்களையும் ஊடுருவிப் பார்த்தேன். ஒன்பது ஜோடிகளும் வரிசையாக மஞ்சள், மஞ்சள் கலந்த பச்சை, இலைப் பச்சை, நீலப் பச்சை, நீலம் என்று விரிந்தன. நடுவில் 5-க்கு 5 நின்ற இடத்தில் அப்பழுக்கில்லாத பச்சை. நிறங்காட்டி பச்சையாக இருக்கிறது என்றால் பச்சையாக ஒரு மூலக்கூறும் அங்கே இல்லை. மஞ்சளும் நீலமும் பாதிப் பாதி இருக்கின்றன என்பதுதான் உண்மை. அது கண் முன்னால் பிரித்து வைக்கப்பட்டிருந்தது.

இன்னொரு அழகு: இந்த வரிசையே ஓர் அளவுகோல். பிஎச்சை மாறாமல் பிடித்து வைக்கும் தாங்கல் கரைசல் எதுவும் தேவையில்லை. 5-க்கு 5 என்றால் பிஎச் 7.1. நீலம் 7, மஞ்சள் 3 என்றால் அந்த விகிதத்தின் மடக்கை 0.37, அதை 7.1-ஓடு கூட்டினால் சுமார் 7.5. நீலம் 2, மஞ்சள் 8 என்றால் 6.5. இரு கோடிகளிலும் 6.15, 8.05.

குழாயில் வந்த தண்ணீரை 10 மி.லி. எடுத்து, அதில் 10 சொட்டு நிறங்காட்டி விட்டு, பின்னால் வெறும் நீர்க் குழாய் ஒன்றை நிறுத்தினேன். அந்த வெறும் குழாய் அவசியம். இல்லையென்றால் ஒளி கடக்கும் கண்ணாடியும் நீரும் மற்ற ஜோடிகளில் இருப்பதற்குச் சமமாகாது. நிறம் நீலம் 7, மஞ்சள் 3 ஜோடியோடு ஒட்டிக்கொண்டது: 7.5. அப்புறம் ஒரு ஸ்ட்ராவை விட்டு மெதுவாக ஊதினேன். ஊத மட்டும்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரையக் கரைய, நீலப் பச்சை வழிந்து போய் மஞ்சள் பச்சையாகி, நீலம் 2, மஞ்சள் 8 ஜோடியின் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு யூனிட் பிஎச் இறங்கியதை எந்தக் கருவியும் இல்லாமல் பார்த்தேன். குழாயை மூடிக் குலுக்கி, திறந்து காற்று விட்டு, மறுபடி குலுக்கினால் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக நீலத்தின் பக்கம் திரும்புகிறது.

வாலை வடிநீரில் இதைச் செய்து பார்த்து ஏமாற வேண்டாம். அதில் பிஎச்சைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. நிறங்காட்டியே அமிலம் என்பதால், பத்துச் சொட்டு விட்டதும் நீரின் பிஎச்சையே அது நகர்த்திவிடும். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்தான் அங்கே நம்மைக் காப்பாற்றுகிறது.

விகிதம் என்று மனதில் பதிந்த பிறகு மெத்தில் ஆரஞ்சின் குழப்பம் தானாகவே அவிழ்ந்தது. அதன் நிறமாற்றம் பிஎச் 3.1-ல் தொடங்கி 4.4-ல் முடிகிறது. நான் நீர்த்த வினிகரின் தொடக்க பிஎச்சே ஏறக்குறைய 2.9. அசிட்டிக் அமிலமும் வலிமை குறைந்த அமிலம். அதன் பிகேஏ 4.76. காரம் சேரச் சேர, அமிலமும் அதன் அசிட்டேட்டும் கலந்து ஒரு தாங்கல் கரைசலாகி, பிஎச்சை ஏறவிடாமல் இழுத்துப் பிடிக்கின்றன. கணக்குப்படி 3.1-ஐ எட்ட 0.3 மி.லி. போதும். 4.4-ஐ எட்ட மொத்தக் காரத்தில் (பின்னால் தெரியவந்தபடி 22.4 மி.லி.) 30% வேண்டும், அதாவது 6.7 மி.லி. அருகில். ஆக, மெத்தில் ஆரஞ்சு 0.3 மி.லி.யில் மாறத் தொடங்கி 6 மி.லி. தாண்டியும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதில் எந்தச் சொட்டை முடிவு என்று சொல்வது? 5.2, 6.1, 6.9 மூன்றுமே அந்த நீண்ட சரிவில் நான் களைத்துப்போய் நின்ற இடங்கள். நிறங்காட்டி பொய் சொல்லவில்லை. பிஎச் 4.4 ஆகிவிட்டது என்று சரியாகவே சொன்னது. நான் கேட்க வேண்டிய கேள்வி அதுவாக இல்லை.

கேட்க வேண்டியது: அமிலம் முழுவதும் தீர்ந்த அந்தக் கணத்தில் பிஎச் எவ்வளவு? குடுவையில் அப்போது மிஞ்சியிருப்பது சோடியம் அசிட்டேட். அசிட்டேட் அயனி நீரிலிருந்து கொஞ்சம் புரோட்டானைப் பிடுங்கிக்கொள்வதால் கரைசல் லேசான காரத்தன்மையோடு இருக்கும். என் செறிவுக்கு அது 8.7. நடுநிலை என்றால் 7 என்ற எண்ணம் இங்கே உதவாது. 8.7-ஐச் சுற்றி மாறும் நிறங்காட்டி வேண்டும். பினாப்தலீன், 8.2 முதல் 10 வரை.

அதை விடுவதற்கு முன் ஒரு கடமை பாக்கி இருந்தது. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். 4 கிராம் எடை போட்டு ஒரு லிட்டரில் கரைத்தால் 0.1 மோலார் என்பது காகிதத்தில்தான். அதனால் எடையை நம்பி அளக்கக்கூடிய திட அமிலமான பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை வைத்துச் சரிபார்த்தேன். என் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும். ஒரு குடுவைக்கு வேண்டிய 0.4 கிராமை அதில் நிறுத்தால் பிழை 2 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆகவே 2.04 கிராமை 100 மி.லி.யில் கரைத்து, அதிலிருந்து 25 மி.லி. எடுத்தேன், பிழை அரை சதவீதத்துக்கு இறங்கியது. 26.3 மி.லி. காரம் செலவானது. அதாவது என் காரக் கரைசல் 0.1 அல்ல, 0.095 மோலார். இந்தக் கரைசலைக் கையாளும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கரைக்கும்போது திடப்பொருளைத்தான் நீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். வெப்பம் நன்றாகவே கிளம்பும்.

இனி வினிகர். 25 மி.லி., இரண்டு சொட்டு பினாப்தலீன். நிறமே இல்லை. 10 மி.லி., 15 மி.லி. போயும் தண்ணீர் மாதிரி தெளிவு. காரம் விழும் இடத்தில் மட்டும் ஒரு இளஞ்சிவப்புக் கீற்று தோன்றி, குடுவையைச் சுழற்றியதும் மறைந்தது. 20-ஐத் தாண்டியதும் அந்தக் கீற்று மறைய நேரம் எடுத்துக்கொண்டது. அதுதான் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் அறிகுறி. 22-க்கு மேல் சொட்டுச் சொட்டாக விட்டேன். 22.35-ல் நிறமில்லை. அடுத்த சொட்டு விழுந்தது. சுழற்றினேன். குடுவை முழுக்க, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்லிய ரோஜா நிறம் பரவி நின்றது. 22.40. அடுத்த முறை 22.45, அதற்கடுத்து 22.40.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து கணக்கிட்டேன். முடிவுக்கு ஒரு சொட்டு முன்னால், அதாவது 0.05 மி.லி. குறைவாக இருக்கும்போது, பிஎச் 7.4. சரியாக முடிவில் 8.7. ஒரு சொட்டு தாண்டினால் 10. இருபது மி.லி. முழுக்க மூன்று யூனிட் ஏறத் தடுமாறிய பிஎச், கடைசி இரண்டு சொட்டில் 2.6 யூனிட் தாவுகிறது. பினாப்தலீனின் மாறும் எல்லை அந்தத் தாவலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதனால்தான் ஒரே சொட்டில் நிறம் வருகிறது. கூர்மை பினாப்தலீனிடம் இல்லை. அதுவும் மற்ற நிறங்காட்டிகளைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு யூனிட் அகலத்தில் மெதுவாகத்தான் மாறும். அந்த அகலத்தை ஒரே சொட்டில் கடந்துவிடும் இடத்தில் அது நிற்கிறது, அவ்வளவுதான். வினிகரில் அமிலம் 5.11%. லேபிள் சரி.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமிலத்தில் பினாப்தலீன் மூலக்கூறின் நடுவிலுள்ள கார்பன் அணு நான்கு பக்கமும் ஒற்றைப் பிணைப்புகளால் கட்டுண்டு கிடக்கிறது. சுற்றியுள்ள மூன்று வளையங்களும் தனித்தனித் தீவுகள். தீவுக்குள் அடைபட்ட எலக்ட்ரான்கள் புற ஊதாக் கதிரைத்தான் உறிஞ்சும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காரம் இரண்டு புரோட்டான்களைப் பறித்ததும் நடுக் கார்பனை ஆக்சிஜனோடு கட்டியிருந்த லாக்டோன் வளையம் திறக்கிறது, நடுக் கார்பன் தட்டையாகிறது, எலக்ட்ரான்கள் வளையம் விட்டு வளையம் பரவ வழி கிடைக்கிறது. பரவிய எலக்ட்ரான்களுக்குக் குறைந்த ஆற்றலே போதும். 550 நானோமீட்டர் அருகில் பச்சை ஒளியை உறிஞ்சுகின்றன. மிஞ்சி வருவதுதான் அந்த இளஞ்சிவப்பு.

இதை நம்ப வைத்தது பியூரெட் கழுவும்போது நடந்த ஒன்று. வேறு வேலைக்காக வைத்திருந்த 2 மோலார் காரம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதில் பினாப்தலீன் விட்டேன். அடர்ந்த இளஞ்சிவப்பு. கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் வெளிறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் முழுக்கத் தெளிந்துவிட்டது. ஹைட்ராக்சைடு அளவுக்கு மீறி இருந்தால், அதுவே நடுக் கார்பனில் போய் ஒட்டிக்கொள்ளும். தட்டையான கார்பன் மறுபடி நான்கு பக்கமும் கட்டப்பட்டு, எலக்ட்ரான்களின் வழி அடைபட, நிறம் போகிறது. நிறமில்லை என்பதால் அமிலம் என்று நினைத்துக் கையை விட்டால் தோல் போய்விடும். அடையாளம் தெரியாத கரைசலை ஒரே நிறங்காட்டியால் சோதிக்கக் கூடாது என்பதை அன்று குறித்துக்கொண்டேன்.

முடிவில் வந்த மெல்லிய ரோஜா நிறமும் நிலைப்பதில்லை. குடுவையைத் திறந்து வைத்தால் சில நிமிடங்களில் மங்கிவிடும். அது வேறு காரணம்: காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து பிஎச்சைக் கீழே இழுக்கிறது. மங்கியதைப் பார்த்து இன்னொரு சொட்டு விடுவது தவறு. சுழற்றிய பிறகு 30 விநாடி நிறம் நின்றால் அதுவே முடிவு. சொட்டின் எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். மெத்தில் ஆரஞ்சு மாதிரி இரண்டு நிறம் உள்ளவற்றில் கண் பார்ப்பது விகிதத்தை. பினாப்தலீனுக்கு ஒரே நிறம்தான். கண் பார்ப்பது இளஞ்சிவப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை. நிறங்காட்டியை அதிகமாக விட்டால் குறைந்த பிஎச்சிலேயே கண்ணில் பட்டுவிடும். இரண்டு சொட்டு என்றால் எல்லாக் குடுவைக்கும் இரண்டே சொட்டு.

மெத்தில் ஆரஞ்சை ஒதுக்கி வைக்க எனக்கு மனமில்லை. அதற்கு எந்த வேலை பொருந்தும் என்று யோசித்து, சலவைச் சோடாவான சோடியம் கார்பனேட்டை 0.05 மோலார் அளவில் கரைத்து, 25 மி.லி. எடுத்து, பியூரெட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நிரப்பினேன். முதலில் பினாப்தலீன். கார்பனேட் பைகார்பனேட் ஆகும் இடம் பிஎச் 8.3, அங்கே பெரிய தாவல் கிடையாது. ஆகவே இளஞ்சிவப்பு தயங்கித் தயங்கி, 11.9 மி.லி.யில் ஒருவழியாகப் போனது. அதே குடுவையில் இரண்டு சொட்டு மெத்தில் ஆரஞ்சு விட்டுத் தொடர்ந்தேன். மஞ்சள். பொங்கி வரும் குமிழிகளுக்கு நடுவிலும் மஞ்சள். பைகார்பனேட் முழுவதும் கார்பானிக் அமிலமாகிவிடும் இடம் பிஎச் 4-க்குச் சற்றுக் கீழே, மெத்தில் ஆரஞ்சின் எல்லைக்கு நட்ட நடுவில். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு பினாப்தலீனை அலைக்கழிப்பது மாதிரி இதை அசைக்காது. 23.85-ல் மஞ்சள், அடுத்த சொட்டில் ஆரஞ்சு, அதற்கடுத்த சொட்டில் சிவப்பின் சாயல். முதல் அளவு 11.9, மொத்தம் 23.9. ஒரு கார்பனேட் அயனி இரண்டு புரோட்டான்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டதை அந்த இரண்டு எண்களும் காட்டின.

குறிப்பேட்டில் 6.9, 5.2, 6.1 இருந்த பக்கத்தை அடிக்கவில்லை. பக்கத்தில் '4.4' என்று மட்டும் எழுதி வட்டமிட்டிருக்கிறேன். அடுத்து அம்மோனியா. அமிலத்தால் தரம்பார்த்தால் முடிவில் அதன் பிஎச் 5.3 அருகில் வரும். மெத்தில் சிவப்பு என்ற நிறங்காட்டி 4.4 முதல் 6.2 வரை மாறுகிறது. பாட்டிலைத் திறக்கும் முன் இந்த முறை கணக்கு முடிந்துவிட்டது.